மறக்காத வேலைக்காரன்

சாப்ளினின் ‘ஸிட்டி லைட்ஸ்’ (1931) பற்றிப் பேசுகிறவர்கள் பார்வையற்ற பூக்காரியைச் சொல்வார்கள். குடித்தால் நண்பனாகவும் தெளிந்தால் அந்நியனாகவும் ஆகிவிடும் பணக்காரனைச் சொல்வார்கள். அந்தப் பணக்காரன் வீட்டு பட்லரைப் பற்றி யாரும் பேசக் காணோம். கதவைத் திறக்கவும் சாத்தவும் நாடோடியை வெளியே தள்ளவும் ஓர் ஆள் வேண்டும். அவன் உபயோகம் அவ்வளவே என்று விட்டுவிடுகிறோம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளிக்குள் இரண்டு மனிதர்கள். ஒருவன் செய்தது மற்றவனுக்குத் தெரியாது. கட்டித் தழுவிக் காரையே தூக்கிக் கொடுத்தவன், போதை தெளிந்ததும் யார் இவன் என்கிறான். இருவரும் ஒரே ஆள்தான் என்று அறிந்து, இருவருக்கும் கீழ்ப்படிகிறவன் பட்லர். மனைவி பெட்டிகளுக்கு ஆளனுப்பிவிட்டாள் என்ற செய்தியையும் அதே முகத்தோடுதான் அவன் சொல்கிறான். முதலாளியால் மறக்க முடிவதே, ஞாபகம் வைத்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருப்பதால்தானோ என்னவோ.

‘நீங்கள்தான் இவரை அழைத்து வந்தீர்கள், ஐயா’ என்று ஒரு வாக்கியம் போதும், படம் அங்கேயே நொண்டிவிடும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே அவன் படைக்கப்பட்டிருக்கிறான். நாமும் அவன் சொல்வதை விரும்புவதில்லை. முதலாளி மறுபடி குடிக்க வேண்டும், மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும், நாம் மறுபடி சிரிக்க வேண்டும்.

இதே சங்கடம் காளிதாசனுக்கும் வந்திருக்கிறது. சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சாபத்தால் மறந்துபோகிறான். ஆனால் ஆசிரமத்துப் பெண்ணைப் பற்றி விதூஷகனிடம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கிறான். நினைவூட்ட ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறான். அதெல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று அரசன் வாயாலேயே சொல்லவைத்து, காளிதாசன் இரண்டாம் அங்கத்திலேயே வழியை அடைத்துவிடுகிறான். போதாததற்கு, சகுந்தலை சபைக்கு வரும் சமயம் பார்த்து விதூஷகனை அந்தப்புரத்துக்குத் தூதனுப்பிவிடுகிறான். பின்னால் அரசன் கேட்கும்போது விதூஷகனிடம் பதில் தயார். நேர்த்தியான வேலை. யார் மேலும் குற்றமில்லை.

சாப்ளின் பட்லருக்கு இந்தச் சலுகையைத் தரவில்லை. அவனை எங்கும் அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்துகிறார். நாடோடி மேல் திருட்டுப் பழி விழும் இரவிலும், இவன் முதலாளி வீட்டில் படுத்து எழுந்த விருந்தாளி என்பதை அறிந்தவன் அவன். வாய் திறக்காதது விசுவாசமா, வேலை போய்விடும் என்ற பயமா, கந்தல் உடுத்தவனிடம் வேலைக்காரனுக்கே இருக்கும் இளக்காரமா? படத்தில் விடை இல்லை. சிறு பாத்திரத்தின் மனசைத் திறந்து காட்ட நகைச்சுவைக்கு அவகாசம் கிடையாது. அந்த அவகாசமின்மைதான் அவனைத் தப்பிக்கவைக்கிறது. (வேஷத்தைப் போட்ட ஆலன் கார்ஸியா ‘த சர்க்கஸ்’ (1928) படத்தில் சர்க்கஸ் முதலாளி, ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் ஆலை முதலாளி. இடையில் இந்த ஒரு படத்தில் வேலைக்காரன்.)

கடைசிக் காட்சியில், பார்வை வந்துவிட்ட பூக்காரி நாடோடியின் கையைத் தொட்டு அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். பட்லர் அதற்கு வெகு முன்பே படத்தைவிட்டுப் போய்விட்டிருக்கிறான். அவன் எப்போது போனான் என்று நாம் கவனிப்பதுகூட இல்லை.