தணிக்கையும் வாசகன் கடப்பாடும்

1644ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் யோன் மில்ற்றன் 'அரியோபஜிற்றிக்கா' என்னும் உரைநூலை வெளியிட்டார். நூல்களை அச்சிடுமுன் உரிமம் பெறவேண்டும் என முந்திய ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பிறப்பித்த ஆணையை மறுத்தெழுந்தது அந்நூல். அக்காலத் தணிக்கையாளன் எழுத்தாளனுக்கும் அச்சகத்துக்கும் நடுவே நின்றான். இணையத் தணிக்கையாளனோ, ஏற்கெனவே வெளியாகி உலகின் பிற பகுதிகளில் எவரும் படிக்கக்கூடியதாயுள்ள பக்கத்துக்கும் அதனைப் படிக்க விழையும் ஒருவனுக்கும் இடையே நிற்கின்றான். தணிக்கை இவ்வாறு இடம்பெயர்ந்தமை அதுபற்றிய அறவியல் வினாவையும் இடம்பெயர்த்துள்ளதா என்பது ஆராயத்தக்கது.

இவ்வகைத் தணிக்கை மிக விரிவாக வளர்ந்துள்ள நாடு சீனா. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயரும் எண்முகவரியும் உள்ளன. பெயரைக் கொண்டு முகவரியை வினவும் கணினிக்குப் பிழையான எண்ணை விடையாக அனுப்புதல் ஒரு முறை. குறித்த முகவரிகளுக்குச் செல்லும் வழியை அடைத்தல் மற்றொன்று. செல்லும் தரவினிடையே விலக்கப்பட்ட சொல் தென்படின் இணைப்பை முறிக்கும் போலிச் சமிக்ஞையை அனுப்புதல் வேறொன்று. எல்லையில் இயங்கும் இம்முறைகள் தம்மைத் தடை என அறிவிப்பதில்லை. பக்கம் திறப்பதில்லை, அவ்வளவே. பயன்படுத்துவோனுக்குத் தடையும் பழுதும் ஒன்றுபோலவே தோன்றும்.

இத்தடையைக் கடக்கும் வழிகளும் உள. வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனிவலை, பயன்படுத்துவோனின் கணினிக்கும் வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்குமிடையே மறைகுறியாக்கப்பட்ட பாதையொன்றை அமைக்கின்றது. அப்பாதையில் எது செல்கின்றது என்பதை இடைநிற்போன் படிக்க இயலாது. எனினும், அத்தகைய பாதைகளின் தன்மையை இனங்கண்டு அவற்றையே அடைக்கும் முயற்சியும் தொடர்ந்து நடைபெறுகின்றது.

ஆயின், கடக்க வழியிருந்தும் பெரும்பாலோர் கடவாதிருப்பது ஏன்? தண்டனை பற்றிய அச்சம் சிலரையே நேரடியாகத் தொடுகின்றது எனவும், பலரைத் தடுத்து வைப்பது சிறு சிரமமே எனவும் மார்கிரற் றொபேட்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விளக்கினார். பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவரிடையே யூயூ சென், டேவிட் யாங் ஆகியோர் நடத்திய பரிசோதனை, 2019இல் வெளியாயிற்று. தடையைக் கடக்கும் கருவி இலவசமாக வழங்கப்பட்டபோதும் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதனைப் பயன்படுத்தவேயில்லை. வெளிநாட்டுச் செய்திகளைப் படிக்குமாறு சில காலம் ஊக்குவிக்கப்பட்டோரோ, ஊக்குவிப்பு நின்ற பின்னரும் தொடர்ந்து படித்தனர். தணிக்கையின் ஆழமான வெற்றி, அறியும் வேட்கை எழாமற் செய்வதிலேயே உள்ளது என்பதை இம்முடிவு உணர்த்துகின்றது. வேட்கையற்றவன் தான் இழந்ததை அறியான். ஆதலால் அதனைக் கேட்கவும் மாட்டான்.

இவ்விடத்தில் வேறொரு நிகழ்ச்சி ஒப்புநோக்கத்தக்கது. வூஹான் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவர் ஐ ஃபென், 2019 டிசம்பர் இறுதியில் புதிய நோய் பற்றிய பரிசோதனை அறிக்கையைச் சக மருத்துவருடன் பகிர்ந்தமைக்காகக் கண்டிக்கப்பட்டார். 2020 மார்ச்சில் சீனச் சஞ்சிகையொன்று அவரது செவ்வியை வெளியிட, அது விரைவில் அகற்றப்பட்டது. உடனே பெயரறியாப் பலர் அதனைப் பின்னிருந்து முன்னாக எழுதியும், மோர்ஸ் குறிகளாக மாற்றியும், சித்திரக் குறிகளைச் சொற்களிடையே செருகியும், பண்டைய எழுத்துவடிவிற் பொறித்தும் மீண்டும் மீண்டும் பதிவிட்டனர். தனிவலையினூடே வெளிச்சென்று படிப்பவன் தனக்காகக் கடக்கின்றான். இவர்களோ தாம் முன்னரே படித்துவிட்ட ஒன்றை, இன்னும் படியாதவர்க்காகக் காத்தனர். அறத்தின் நோக்கில் இவ்விரு செயல்களும் ஒரே தரத்தன அல்ல.

எல்லாத் தடையும் தீயதா என வினவலாம். 2018 மார்ச்சில் திகன உள்ளிட்ட கண்டிப் பகுதிகளில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டவேளை, வெறுப்புரை பரவுவதைக் காரணங்காட்டி இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கிற்று. உயிர் காப்பதற்கென முன்வைக்கப்பட்ட அக்காரணத்தை எளிதிற் புறக்கணிக்க இயலாது. ஆயின் உறவினரின் நலம் விசாரிக்க முயன்றோரின் வாயும் அதே தடையால் அடைக்கப்பட்டது. மேலும், 2022 ஏப்ரல் 3இல், பொருளாதார நெருக்கடிக்கெதிராக மக்கள் திரளவிருந்த நாளில், அதே கருவி மீண்டும் எடுக்கப்பட்டது. வெறுப்பைத் தடுக்கப் பழகிய கை எதிர்ப்பையும் தடுக்கத் தயங்கவில்லை. ஆகவே, தடையொன்று நியாயமானதா என்பதை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கலாகாது. அது வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றதா, கால எல்லை உடையதா, நீதிமன்றில் வினவத்தக்கதா என்பனவும் நோக்கப்படவேண்டும். தன்னை மறைத்துக்கொள்ளும் தடை இம்மூன்று வினாக்களையும் எழவொட்டாது செய்கின்றது.

மில்ற்றன் காலத்தில் தணிக்கையை எதிர்க்கும் பாரம் பெரிதும் எழுத்தாளன்மீதே இருந்தது. தணிக்கை வாசகன்பக்கம் நகர்ந்துள்ள இக்காலத்தில் அப்பாரத்தின் ஒரு பங்கு வாசகனையும் சார்கின்றது. திறவாத பக்கத்தைக் கண்டு ஏன் திறக்கவில்லை எனக் கேட்பதும், கேட்டறிந்ததை அறியாதவரிடம் கொண்டுசேர்ப்பதும் அவனது கடன்களாகும். பல்கலைக்கழகத்தினுள் இருப்போர்க்கு இக்கடன் சற்று மிகுதி. கடக்கும் கருவியும் அந்நிய மொழியறிவும் அவர்களிடமே முதலில் வந்துசேர்கின்றன. அவற்றைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்வாராயின், வெளியே நிற்போர்க்குச் சுவர் முன்போலவே உயர்ந்து நிற்கும்.