யாரோ விஷமிகள்

எங்கள் இலுப்பூர்ப் பக்கம் பிள்ளைகளை 'விஷமம் பண்ணாதே' என்று அதட்டிக் கேட்பது அபூர்வம். கையால் செய்தால் சேட்டை, வாயால் செய்தால் குசும்பு. இரண்டிலும் கொஞ்சம் செல்லம் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை ஓட்டுக்கூரை மேல் எறிந்த பையனுக்கு முதுகில் இரண்டு வைக்கிற அம்மா, அவனையே ஏணியில் ஏற்றி எடுத்துவரச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

விஷமம் வருவது டீக்கடைப் பேப்பரில். வைக்கோல்போர் எரிந்தால், சிலை உடைந்தால், 'விஷமிகள் கைவரிசை'. அந்த விஷமிக்கு ஊர் கிடையாது, முகம் கிடையாது, காரணமும் கிடையாது.

காதுக்கு அதில் விஷம் கேட்கிறது. பிறப்பில் இரண்டுக்கும் உறவில்லை. வடமொழியில் 'விஷமம்', 'சமம்' என்பதன் எதிர்ச்சொல். மேடுபள்ளம், ஏற்றத்தாழ்வு என்று பொருள். அகராதியில் இதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வேங்கைவயல்.

2022 டிசம்பர் கடைசியில், அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த அந்த ஊரில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கிடந்தது. பிள்ளைகள் நோயில் படுத்த பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். யாரோ விஷமிகள் என்று சொல்லி முடித்திருந்தால் எவ்வளவு வசதி! விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரிடம் மக்கள் வேறு இரண்டையும் சொன்னார்கள்: டீக்கடையில் தனிக்குவளை, அய்யனார் கோயிலுக்குள் விடுவதில்லை. ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அந்த இரண்டுக்கும் தனியாக வழக்குப் பதிவானது.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தார் புழங்கும் தண்ணீரைப் பிறர் கெடுப்பதைத் தனிக் குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. சும்மா கற்பனை செய்தா அதை எழுதியிருப்பார்கள்?

2025 ஜனவரியில் சிபிசிஐடி, பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூவர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். யார் செய்தது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு உறுத்துவது வேறு. தொட்டியில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், தனிக்குவளை அதற்கு முன்பே வந்துவிட்டது. அதை எடுத்து வைத்தவரை விஷமி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.