விலை ஏறிய ஆண்டில் ஒரு கனவுக் கார்

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கண்டிராத விலை. முந்தைய ஆண்டின் பெருவெள்ளம் தோட்டங்களைச் சிதைத்திருந்தது. அடுத்து வந்த கோடை மிச்சச் செடிகளை வாட்டியிருந்தது. காய் குறைந்தது, விலை ஏறியது. மலைமேல் தோட்டமும் கீழே தேனி மாவட்டத்துப் போடியிலோ தேவாரத்திலோ கம்பத்திலோ கூடலூரிலோ வீடுமாக வாழும் குடும்பங்களில், அந்த நேரத்தில் கையில் காய் வைத்திருந்தவர்களுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் வருமானம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே காய் 1,000 ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழேயும் விற்றது. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். சிறு வயது முதல் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய ஸ்போர்ட்ஸ் காரைப் பணம் வந்த ஆண்டில் ஒருவர் வாங்கலாமா? ஆடிட்டரிடமோ வங்கி மேலாளரிடமோ கேட்க வேண்டியது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதன் வேர் அறத்தில் இருக்கிறது. தன் வலிமையை உண்மையாக அளந்து பார்ப்பது ஒரு கடமை. அந்த அளவை விலை ஏறிய ஆண்டில் எடுத்தால் அது பொய்யளவாகிவிடும், விலை விழுந்த ஆண்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கையே பார்த்துவிடலாம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் விலை 2 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாற்றியமைத்த வீதப்படி, 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். ஆக வரி மட்டும் 40 லட்சம். காப்பீடு, டயர், பழுது பார்க்க நகரத்துக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் தனி. விலையில் 50 லட்சத்தை ரொக்கமாகக் கட்டி, மிச்சம் ஒன்றரைக் கோடியை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 3 லட்சத்து 11 ஆயிரம்; ஆண்டுக்கு 37 லட்சத்துக்கும் மேல். இதைக் காய்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். கிலோ 4,000 ரூபாய் விற்கும் ஆண்டில் இந்தத் தவணையைக் கட்ட 934 கிலோ காய் போதும். கிலோ 1,000 ரூபாய் விற்கும் ஆண்டில் அதே தவணைக்கு 3,737 கிலோ வேண்டும். கடன் பத்திரத்தில் எழுதிய எண் ஐந்தாண்டும் மாறாது. ஏலத்தில் கூறப்படும் விலையோ குவாத்தமாலாவின் விளைச்சலையும் வளைகுடா நாடுகளின் தேவையையும் இடுக்கியின் மழையையும் பார்த்து வாரத்துக்கு வாரம் மாறும். விலை இறங்கிவிட்டது என்பதற்காக உரமோ மருந்தோ கூலியோ இறங்குவதில்லை. 2024 கோடையில் மழை பொய்த்து மலையில் ஏலச்செடிகள் கருகியபோது, விலை நன்றாகவே இருந்தும் விற்கக் காய் இல்லாமல் பலர் தவித்தார்கள். விலை விழலாம், விளைச்சலும் விழலாம். இரண்டையும் தாங்கும் வலிமை எவ்வளவு என்பதே வாங்க முடியுமா என்ற கேள்வியின் முழு வடிவம்.

இந்த வலிமையைப் பற்றித் திருவள்ளுவர் எங்கே பேசுகிறார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வரவு சிறிதாக இருந்தாலும் செலவு அதைவிட விரியாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை அவர் வைத்திருப்பது பொருட்பாலின் ‘வலியறிதல்’ அதிகாரத்தில். அது அரசன் போருக்குப் புறப்படும் முன் தன் வலிமை, பகைவன் வலிமை, இருபக்கத் துணைவர் வலிமை எல்லாவற்றையும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம். மயில்தோகை போன்ற லேசான பொருளையே அளவு மீறி ஏற்றினாலும் வண்டியின் அச்சு முறியும் என்பதும் அங்கேதான் வருகிறது. கிளையின் நுனிவரை ஏறியவன் இன்னும் மேலே போக முயன்றால் உயிர் போகும் என்பதும் அங்கேதான். அளவறியாமல் வாழ்பவனின் வாழ்க்கை இருப்பதுபோலத் தோன்றி இல்லாமல் போகும் என்கிறார். பிறருக்கு உதவும் ஒப்புரவுகூடத் தன் இருப்பை அளக்காமல் செய்தால் செல்வத்தை அழிக்கும் என்று அதிகாரத்தை முடிக்கிறார். போரையும் வீட்டுச் செலவையும் ஒரே அதிகாரத்தில் வைத்ததற்கு ஆழமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் மனிதனைத் தோற்கடிப்பது பெரும்பாலும் எதிரி அல்ல. ஊக்கத்தின் உச்சியில் தன்னைப் பற்றிப் போட்ட தப்புக்கணக்குதான். அச்சை முறிப்பது கடைசியாக வைத்த தோகை. அந்த ஒரு தோகையைப் பார்த்தால் அதற்கு எடை இருப்பதாகவே தெரியாது. ஏலக்காய் ஏறிய ஆண்டில் ஒரு மாதத் தவணையைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும்.

அளவை எப்போது எடுப்பது என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே பழைய விடை ஒன்று கல்லில் நிற்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சமண சமயம் துறவிகளுக்கு எதையும் உடைமையாகக் கொள்ளாமையை விதித்தது. இல்லறத்தாரிடம் அது அவ்வளவு கேட்கவில்லை. அவர்களுக்கு விதித்த ஐந்து விரதங்களில் கடைசியானது மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், கால்நடை, தானியம் ஆகியவற்றில் இவ்வளவுக்கு மேல் எனக்கு வேண்டாம் என்று இல்லறத்தான் தானே ஓர் எல்லையை வரைந்துகொள்ள வேண்டும். எல்லை எங்கே என்று சமயம் சொல்வதில்லை. அவனவன் நிலைக்கு ஏற்ப அவனவனே வரைகிறான். விரதத்தின் கூர்மை அது எடுக்கப்படும் காலத்தில் இருக்கிறது. பொருள் கைக்கு வருவதற்கு முன்பே எல்லை வரையப்பட்டுவிடும். பணம் வந்தபின் வரையும் கோடு எப்போதும் பணம் நிற்கும் இடத்துக்கு அப்பால்தான் விழும். ஆசை கணக்குப் பார்க்கத் தெரியாததால் மனிதனை ஏமாற்றுவதில்லை. அதற்குக் கணக்கு மிக நன்றாகத் தெரியும். எந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடுவது என்பதை அது தனக்குச் சாதகமாகத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தேர்வை ஆசையின் கையிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் அந்த விரதம்.

சமய நூல்கள் ஆசையையே அறுக்கச் சொல்கின்றனவே, எந்தக் கார் வாங்கலாம், எப்போது வாங்கலாம் என்று அளந்துகொண்டிருப்பது ஆசைக்கு வாசல் திறந்துவிடுவதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் திருக்குறளில் ‘அவா அறுத்தல்’ துறவறவியலின் கடைசி அதிகாரம். வலியறிதலோ பொருளோடு வாழ்பவர்க்குரிய பகுதியில் நிற்கிறது. சமணமும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றியது. துறவியின் அறத்தை இல்லறத்தான் தலையில் ஏற்றினால், ஒன்று அவன் போலியாகிறான், அல்லது அறமே தனக்கு ஆகாது என்று விட்டுவிடுகிறான். நன்றாகச் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் அழகையும் வேகத்தையும் விரும்புவதில் பாவம் எதுவும் இல்லை. பல தலைமுறைப் பொறியியல் அறிவு அதில் திரண்டிருக்கிறது. அதை வியப்பது மனிதக் கைத்திறனை வியப்பதுதான். விருப்பத்தைக் குற்றமாக்காமல் அதற்கு அளவு கேட்பதே இல்லறத்துக்குரிய நேர்மை.

இன்னொரு மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். நாளை யார் கண்டது, பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்து அனுபவிக்காமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இருக்கும்போது அனுபவிப்பதுதானே அறிவு என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. பெரும் பொருளைச் சேர்த்துத் தானும் துய்க்காமல் பிறர்க்கும் கொடாமல் கிடப்பவனைக் கண்டிக்கவே வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆனால் இந்த மறுப்பை முன்வைப்பவர்கள் தாங்கள் சொல்லும் அனுபவத்தையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தவணைத் தேதியை எண்ணிக்கொண்டு, ஏல விலை இறங்கும் ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கி ஓட்டும் கார் யாருக்கு இன்பம் தரும்? வெளியே நிறுத்தினால் கீறல் விழுமோ என்ற அச்சம், போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அடிப்பாகம் தட்டுமோ என்ற அச்சம், அதன்மேல் கடன் அச்சம். துய்த்தலுக்கு மனம் விடுதலையாக இருக்க வேண்டும். தன் வலிமைக்குள் வாங்கிய பொருள்தான் அந்த விடுதலையைத் தரும். ஆகவே, வாழ்க்கை சிறியது என்ற வாதம் அளவுக்குப் பகையாகாமல் அதற்குத் துணையாகவே வந்து சேருகிறது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. என் பணம், என் உழைப்பு; தவணை கட்ட முடியாமல் போனால் இழப்பும் எனக்குத்தான்; இதில் அறம் எங்கே வந்தது? இழப்பு ஒருவரோடு நிற்பதாக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். அது அப்படி நிற்பதில்லை. விலை விழுந்த ஆண்டில் தோட்டத்துக்காரர் வங்கித் தவணையைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிவது கூலியை, போனஸை, குடியிருப்பின் கூரையை மாற்றும் வேலையை, வயதான செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்வதை. ஸ்போர்ட்ஸ் கார் ஏற நினைக்கும் அதே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகளில்தான் விடியற்காலையில் ஜீப்புகள் பெண் தொழிலாளர்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகின்றன. களை எடுப்பதும் காய் பறிப்பதும் அவர்கள் கைதான். நடவு செய்து மூன்றாம் ஆண்டுதான் காய்க்கத் தொடங்கும் செடியை அதுவரை வளர்த்ததும் அந்தக் கைதான். கீழே பள்ளத்தாக்கிலும் இதே நிலைமை. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வராவிட்டால் 14,707 ஏக்கர் இருபோக நெல் இல்லை. பன்னீர் திராட்சைக்கும் வாழைக்கும் கிணற்றில் ஊற்று இல்லை. பொதுத் தண்ணீரும் பிறர் உழைப்பும் கலக்காத தனிச்சொத்து இந்த மண்ணில் கிடையாது. இதனால் உரிமையாளருக்கு உரிமை இல்லை என்றாகிவிடாது. ஆனால் ‘என்னால் முடியுமா’ என்ற கேள்வியில் வரும் ‘என்’ என்பதற்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்று பார்க்கும் கடமை அவருக்கு வந்துவிடுகிறது. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் அவருடைய வலிமை. அதற்கு முன்னால் கையில் தெரிவது வெறும் இருப்பு.

கடைசியாகக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் வாதம் ஒன்று உண்டு. ஜாதகத்தில் வாகன யோகம் இருக்கிறது, கொடுப்பவன் கொடுத்தான், கோயில் வாசலில் மாலை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஓட்டினால் மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்பது அது. வண்டிப் பூசை நல்ல வழக்கம். சாலையில் தன் உயிரும் எதிரே வருபவர் உயிரும் காக்கப்பட வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. ஆனால் தான் அளக்க வேண்டியதை அளக்காமல் விட்டுவிட்டு அந்தச் சுமையைத் தெய்வத்தின்மேல் வைப்பது பக்தியாகாது. தேனி மாவட்டத்துக் குச்சனூரில் சனீஸ்வரர் சுயம்புவாக எழுந்தருளியிருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். சனியைப் போலக் கொடுப்பவரும் இல்லை, கெடுப்பவரும் இல்லை என்று மக்கள் சொல்வதுண்டு. நம் மரபில் அவர் செய்த வினைக்கு ஏற்ற பயனை வழுவாமல் அளந்து தருபவர். அப்படிப்பட்ட தெய்வத்தின் முன் நின்று, நான் என் கணக்கைப் பார்க்க மாட்டேன், நீ உன் கணக்கைத் தளர்த்து என்று வேண்டுவது அவரை மறுப்பதற்குச் சமம். அவர் சன்னிதியில் கேட்கத் தகுந்தது தன் நிலையைத் தான் உள்ளபடி காணும் துணிவு.

ஆகவே கனவுக் கார் வாங்க நினைப்பவருக்கு வேண்டிய சோதனை எளிது, ஆனால் கடுமையானது. கடந்த பத்தாண்டுகளில் மிக மோசமாக விற்ற ஆண்டின் விலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விலையில் கூலி, உரம், மறுநடவு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், ஊருக்குச் செய்ய வேண்டியது எல்லாம் போக மிஞ்சுவது காரின் ஆண்டுச் செலவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நிலத்தையோ வீட்டு நகையையோ அடகு வைக்காமல் தாங்க வேண்டும். இந்தக் கோட்டை விலை ஏறுவதற்கு முன்பே எழுதி, வீட்டார் அறிய வைத்துவிட வேண்டும். தாங்கும் என்றால் வாங்கலாம். குற்ற உணர்வு இல்லாமல், முழு மகிழ்ச்சியோடு ஓட்டலாம். அதைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை. தாங்காது என்றால் விருப்பம் தவறு என்று பொருளில்லை. காலம் இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். பத்து வருடம் காத்திருந்தும் வராமலே போகலாம். அப்போதும் அந்தக் குடும்பம் எதையும் இழந்திருக்காது: விலை விழுந்த ஆண்டிலும் கூலி தவறாமல் கொடுத்த பெயர் அதற்கு இருக்கும், தோட்டம் அடமானமின்றி அடுத்த தலைமுறைக்குப் போகும். செல்வம் என்று நம் முன்னோர் மதித்தது அத்தகைய நிலையைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.