நாதோபாசனையும் ஆறு தந்திகளும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்து ஏற்காட்டை அடைகிறவர், சேர்வராயன் மலையின் மேற்பரப்பிலே இருவகை வழிபாட்டு மரபுகள் ஒன்றையொன்று நெருக்காமல் வாழ்ந்து வருவதைக் காண்பார். 5,326 அடி உயரச் சிகரத்தில், தலை தாழ்த்தி நுழைய வேண்டிய இருண்ட குகையொன்றில், சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்துத் திருவிழாவில், மலையாளிகள் என்று பெயர் பெற்ற இம்மலையின் பழங்குடி மக்கள் மேளதாளத்தோடு அங்கே திரள்கிறார்கள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொணர்ந்து நட்டபின் வந்து குடியேறிய மற்றொரு மரபோ, மாதா கோயில்களையும் கன்னிமாடங்களையும், 1917-ல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் முதலிய விடுதிப் பள்ளிகளையும் எழுப்பியதோடு, மேனாட்டு வாத்தியங்களின் ஓசையையும் இந்தக் குளிர்காற்றில் கலந்துவிட்டது.

குகைக் கோயிலின் மேளம் தெய்வ காரியம், விடுதி மாணவன் கற்கும் கிதார் வெறும் பொழுதுபோக்கு என்று பிரித்துப் பேசுவது நம்மவர் வழக்கம். அந்தப் பிரிவினை நியாயந்தானா? ஒரு வாத்தியத்தோடு, அதிலும் கடல் கடந்து வந்த வாத்தியத்தோடு, ஆயுள் முழுவதும் மல்லாடுகிற மனிதனுடைய உழைப்பு ஆத்ம சாதனம் ஆகுமா, அல்லது மண், பொன், புகழ் என்னும் பந்தங்களோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு பந்தந்தானா?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனுடைய பொதுவுடைமைக் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த ஓர் இளைஞர், 1960-களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீத இலக்கணத்தைப் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் பரீட்சையில் தங்கப் பதக்கம் பெற்று, இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷின் குழுவிலே கிதார் வாசிப்பவராகப் பல காலம் ஜீவனம் செய்தார். 1976-ல் 'அன்னக்கிளி' படம் வெளிவந்தபின் அவரை இளையராஜா என்னும் இசையமைப்பாளராகவே உலகம் அறிந்துகொண்டது. அந்தக் கிதார்க்காரரை அநேகமாக எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரமண மகரிஷியிடம் அவர் கொண்ட பக்தியும், 1986-ல் தியாகராஜருக்கும் மேனாட்டு இசைமேதை பாஹுக்கும் சேர்த்து ஒரே காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பைப் படைத்ததும், 2005-ல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பனி வாத்தியக் குழுவோடு இணைத்ததும் பலரும் எடுத்துப் பேசுகிற செய்திகள். அவருடைய ஆன்மிகம் எங்கே தொடங்கிற்று என்று கேட்டால், திருவாசகத்தைச் சுட்டிக்காட்டுவோரே மிகுதி. எனக்கோ அது, பரீட்சைக்காக ஒரே விரலசைவை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்த அந்த அநாமதேய நாட்களிலே தொடங்கியிருக்க வேண்டும் என்று படுகிறது.

ஏனென்றால், கிதார் ஒரு விசித்திரமான குரு. வில்லால் இழுக்கும் வயலினிலும் மூச்சால் ஊதும் நாகசுரத்திலும் ஒரு ஸ்வரத்தைக் கலைஞன் விரும்புமட்டும் நீட்டலாம். வீணையிலும் தந்தியை மெட்டின்மேல் இழுத்து இழுத்துக் கமகங்களால் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கலாம். கிளாசிக்கல் கிதாரிலோ, விரல் தந்தியை விட்ட கணத்திலேயே நாதம் தேயத் தொடங்குகிறது. எத்தனை வித்வத் இருந்தாலும் அந்தத் தேய்வை நிறுத்த ஒருவராலும் இயலாது. ஸ்பெயின் தேசத்துக் கிதார் வித்வான் தாரெகா, ஒரே ஸ்வரத்தை விரைந்து விரைந்து மீட்டி, இடையறாது ஒலிப்பது போன்ற ஒரு மாயத் தோற்றத்தை உண்டாக்கினார். தோற்றந்தான் அது, உள்ளே ஒவ்வொரு ஒலியும் பிறந்து பிறந்து மடிந்துகொண்டேதான் இருக்கிறது.

அதே தேசத்தில், 1893-ல் லினாரெஸ் நகரில் பிறந்த ஆந்த்ரேஸ் செகோவியா, பெரும்பாலும் தாமாகவே கற்றுத் தேர்ந்து, மதுக்கடைகளிலும் தெருக்கூத்துகளிலும் ஒலிக்கும் வாத்தியம் என்று இகழப்பட்ட கிதாரை உலகத்துப் பெரிய சங்கீத மண்டபங்களிலே ஏற்றினார். 1935-ல் பாரிஸில், தனி வயலினுக்கென்று பாஹ் இயற்றிய நெடிய 'ஷக்கோன்' உருப்படியை அவர் கிதாரில் வாசித்துக் காட்டினார். ஒலிபெருக்கியை அவர் விரும்பியதில்லை. தம் சிற்றொலியைப் பெருக்கிக்கொள்வதற்கு மாறாக, சபையைத் தம்மோடு சேர்ந்து மௌனமாக்கினார்.   

தன் கருவியின் எல்லையை அறிந்து ஏற்கும் இந்த உணர்வைப் பற்றிச் சிந்திக்கும்போது, பெரியபுராணம் கூறும் திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய வரலாறு தவிர்க்க முடியாதபடி நினைவில் எழுகிறது. திருஎருக்கத்தம்புலியூரிலே பாணர் குலத்திற் பிறந்த அவர், மனைவியார் மதங்கசூளாமணியாரோடு ஞானசம்பந்தரைச் சேர்ந்து, அவர் அருளிய பதிகங்களையெல்லாம் யாழிலிட்டு வாசித்து வந்தார். யாழ்ப்பாணருடைய அன்னையாரின் ஊராகிய தருமபுரத்தை அடைந்தபோது, யாழ்ப்பாணர் வாசிப்பதனாலேதான் பதிகங்களின் இசை உலகெங்கும் பரவுகிறது என்று அங்கிருந்த உற்றார் பெருமை பேசினார்கள். வேறொருவராயின் அந்தப் புகழுரையைக் கேளாதது போல் இருந்து உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பார். இவரோ நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே வேண்டிக்கொண்டார்.

தம் தோல்வியைத் தாமே கேட்டு வாங்கிய இசைக்கலைஞர் உலக வரலாற்றில் வேறு எவரேனும் உண்டோ என்று நான் வியப்பதுண்டு. பதிகம் பிறந்தது, யாழ் அதை ஏற்க மாட்டாமல் நின்றது, இந்தக் கருவியைத் தொட்டதனாலன்றோ இத்தனை பிழைபட்ட பேச்சும் எழுந்தது என்று அவர் அதை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, இறைவன் பெருமை கருவியின் அளவில் அடங்குவதா, வந்த மட்டும் வாசியுங்கள் என்னும் கருத்துப்படக் கூறித் திரும்பக் கொடுத்தார். புகழை மறுத்த அளவில் யாழ்ப்பாணர் பாதி தூரம் வந்திருந்தார்; கருவியின்மீது கோபம் கொண்டதில் இன்னும் ஒரு பற்று எஞ்சியிருந்தது. எல்லை தெரிந்த பிறகும் அதே யாழைத் தழுவி வாசிப்பது என்ற மற்றப் பாதியை, அதைத் திருப்பிக் கொடுத்த கையே கற்பித்தது. பிற்பாடு நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரோடு சோதியிற் கலந்தவர்களுள் அவரும் ஒருவர்.

வேதாந்தி இங்கே குறுக்கிடுவார்: கர்மத்தினால் மோட்சம் இல்லை, வாசிப்பும் ஒரு கர்மமே, வாசிக்க வாசிக்க 'நான் வாசிக்கிறேன்' என்னும் அபிமானமே வளரும். இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கிதாரை அதோகதியிலிருந்து மீட்டவர் தாமே என்னும் எண்ணம் செகோவியாவுக்கு இருந்தது. 94 வயது வரை மேடையை விடாத அவரை அடக்கத்தின் உருவம் என்று யாரும் துதித்ததில்லை. சங்கீதம் தானே கைப்பிடித்து முக்திக்கு அழைத்துப்போகும் என்று நம் சபைகளிலே முழங்கப்படுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வேதாந்தி சார்ந்த சங்கர மதமே, பலனில் நாட்டமின்றிச் செய்யும் கர்மம் சித்தசுத்தியைத் தரும் என்று ஒப்புகிறது. பிறந்த கணமே மடியத் தொடங்கும் ஒலிக்காக, கேட்பார் ஒருவரும் இல்லாத அறையிலே, விடியற்காலத்தில் ஒருவன் ஸ்வர வரிசைகளைச் சாதகம் செய்கிறானே, அதில் சேமித்து வைக்கத்தக்க பலன் என்ன இருக்கிறது? சாகித்தியத்தில் தெய்வநாமம் இருந்தால்தான் பக்தி என்போர், சாகித்தியமே இல்லாத ஷக்கோனை ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு வாதத்துக்கு வரட்டும்.

வாத்தியத்தின் ஜாதி பற்றிய வழக்கு இதைவிட எளிது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி அபூர்வம். 1903-ல் போப் பத்தாம் பத்திநாதர் பியானோவை ஆலயத்தினின்று விலக்கினார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கனுக்கு முதன்மை தந்து, தகுதியுள்ள பிற வாத்தியங்களுக்கும் கதவைத் திறந்தது. இன்று தமிழ்நாட்டுத் திருப்பலிகளில் இளைஞர்கள் கிதார் மீட்டுகிறார்கள். சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர், பாணரென்று ஒதுக்காமல் யாழ்ப்பாணரை வேள்விக்குண்டத்தின் அருகிலேயே தங்க வைத்தார் என்பதையும் நினைத்தால், இந்த வழக்கு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே, ஏற்காட்டு விடுதிகளில் மக்களைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை கிதார் கற்க ஆசைப்பட்டால், இது நம்முடைய வாத்தியமா என்று கேளாதீர்கள். எப்போது மேடையேறுவாய் என்றும் கேளாதீர்கள். தினந்தோறும் சாதகம் செய்கிறாயா என்று மட்டும் கேளுங்கள்.