திவாலானவன் யார்?



வியாபாரிகளாகிய நாம் எடையில் மோசம் செய்ய அஞ்சுகிறோம். நாவினால் செய்யும் மோசத்தையோ நம்மில் பலர் பாவமாகவே எண்ணுவதில்லை. அடித்தால்தானே அநியாயம், ஏசினால் என்ன என்று இருந்துவிடுகிறோம்.

நம் மலேசிய நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1994ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, மனத்தை வதைப்பதும் வன்முறையே என்று சேர்க்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். வதைக்கப்பட்ட மனைவி கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அதை மீறும் கணவனுக்குத் தண்டனை உண்டு. 2025 ஜூலையில் தண்டனைச் சட்டத்தின் புதிய பிரிவுகள் அமலுக்கு வந்தன. ஒருவரை வேதனைப்படுத்தும் நோக்கத்தோடு மிரட்டியோ இழிவாகவோ பேசினால் 3 வருடம் வரை சிறை விதிக்கலாம். வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் இது செல்லும்.

நமக்கு இது புதிய போதனையா? பட்டப்பெயர் சூட்டி இழிவு செய்வதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் அன்றே விலக்கிவிட்டது.

இதை எழுதும் நானும் குற்றவாளியே. என் கடையில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் சற்று மந்தம். வாடிக்கைக்காரர் முன்னிலையில் அவனை 'மண்டு' என்றே கூப்பிட்டு வந்தேன். நான்கு வருடம் கழிந்தது. ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர் அவன் பெயரைக் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, நான் வைத்த பெயரையே சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. மறுநாள் நாலு பேர் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை முதலாளி" என்றான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், திவாலானவன் யார் என்று வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றனர் தோழர்கள். அன்று, தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் நிறையக் கொண்டுவந்தும், பிறரை ஏசியதற்கும் அடித்ததற்கும் தன் நன்மைகளையெல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே திவாலானவன் என்று நாயகம் அவர்கள் விளக்கினார்கள். வரவு செலவு அறிந்த நமக்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

கோர்ட்டு சாட்சி கேட்கும். வீட்டுக்குள் ஏசியதற்குச் சாட்சி ஏது என்று தப்பித்துவிடலாம். மறுமையிலோ, ஏசிய நாவே சாட்சி சொல்லும் என்று நூர் அத்தியாயம் அறிவிக்கிறது.

ஆகவே சகோதரர்களே, இன்றிரவு கடைக்கணக்கை முடித்தபின், யார் மனத்தைப் புண்படுத்தினோம் என்றும் ஒரு கணக்குப் பார்ப்போம். மனைவியானாலும் சிப்பந்தியானாலும், அந்தக் கடனை இங்கேயே தீர்ப்போம். வல்ல அல்லாஹ் நம் நாவைக் காத்தருள்வானாக! ஆமீன்.