ஓட்டுப் போட்டாச்சு... அப்புறம்?

திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும், பிரியாணி ஞாபகம் வரும். கொஞ்சம் வயசானவர்களுக்கு 1973 ஞாபகம் வரும். அந்த வருஷம் மே மாதம் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில், எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஏழே மாதம். அதன் வேட்பாளர் மாயத்தேவர் 1.4 லட்சம் ஓட்டுக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு மூன்றாவது இடம்! தமிழக அரசியலின் திசையையே இந்த ஊர் ஜனங்கள் ஒரே நாளில் திருப்பிவிட்டார்கள்.

சரி, அதே ஜனங்கள் தங்கள் தெருவின் குழாய்க்கும் சாக்கடைக்கும் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நாள் காத்திருந்தார்கள் தெரியுமா? 1986 வரை! அதற்கடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1996-ல். பழைய கதைதானே என்கிறீர்களா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. இந்த மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. திண்டுக்கல் மாநகராட்சிக்கோ 2022 பிப்ரவரியில்! ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. முதலமைச்சர் இல்லாமல் ஐந்து வருஷம் ஓடியிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். கவுன்சிலர் இல்லாதது நம்மில் எத்தனை பேருக்கு உறைத்தது?

ஆட்சியை மாற்றுவது வேறு. ஆட்சியில் பங்கெடுப்பது வேறு. தேர்தல் அன்று மட்டும்தான் ஆங்கிலேயர்கள் சுதந்திர மனிதர்கள், மற்ற நாளெல்லாம் அடிமைகள் என்ற பொருளில் 1762-லேயே எழுதினார் ரூசோ. நமக்குக் கோபம் வரலாம். ஆனால், பதில் இருக்கிறதா?

இருக்கிறது. கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். தலைவரின் பதவி ஐந்து வருஷத்தில் முடியும். உங்கள் உறுப்பினர் பதவி முடியாது. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் அது போகவில்லை. நகரத்துக்காரர்களும் தப்பிக்க முடியாது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின.

'கூட்டத்துக்குப் போனால் அன்னிக்குக் கூலியை யார் தருவா?' என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓட்டு ரகசியம், பட்டனை அழுத்திவிட்டு வந்துவிடலாம். சபையில் அப்படி முடியாது. எழுந்து நிற்கணும், வாய் திறக்கணும். யார் தோட்டத்தில் வேலை பார்க்கிறோமோ, அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே 'தண்ணித் தொட்டி கட்டின கணக்கு என்னாச்சு?' என்று ஒரு பெண் கேட்க வேண்டும். அது சும்மாவா? நாளைக்கு வேலை போகலாம், தெருவில் பேச்சு வரலாம்.

அப்படியும் ஒருவர் எழுந்து கேட்கத்தான் செய்கிறார். அப்போது நாம் என்ன செய்கிறோம்? தலையைக் குனிந்து செல்போனை நோண்டுகிறோம். 'இவளுக்கு எதுக்கு வம்பு?' என்கிறோம். ஊர்க் கணக்கைக் கேட்டவர், அந்த நிமிஷமே தனி ஆளாகிவிடுகிறார்.

ஜனநாயகத்தைக் காப்பாற்ற எல்லோரும் வீரர்களாக வேண்டியதில்லை. முதல் ஆளாக எழுந்து நிற்க எல்லோராலும் முடியாது என்பது உண்மைதான். ஆனால், இரண்டாவது ஆளாக எழுந்து, 'அவங்க கேக்குறது சரிதானே, பதில் சொல்லுங்க' என்று சொல்லலாமே? மூன்றாவது ஆள் தானாக எழுந்திருப்பார்.

அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து வையுங்கள்.