சட்டமும் நம் மௌனமும்



சிறுபிள்ளைகளைக் கெடுக்கிறவர்களுக்கு நம் நாட்டில் தண்டனை வரவரக் கடுமையாகிறது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 2019இல் பாராளுமன்றம் அதைத் திருத்தி, பலாத்காரத்துக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டாயிருந்த சிறைவாசத்தை 10 ஆண்டாக்கிற்று. 16 வயது நிரம்பாத பிள்ளையானால் 20 ஆண்டு. மிகக் கொடிய குற்றத்துக்கு மரண தண்டனையும் விதிக்கலாம். இனி நம் பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று இருந்துவிடலாமா?

2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஓர் ஆய்வைக் கவனியுங்கள். தீங்கு செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகளோ அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நம் வெள்ளக்கடையிலும் தாய் தகப்பன் காப்பித் தோட்டத்துக்குப் போனால், விடுமுறை நாளில் பிள்ளை அறிந்தவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. ஆனால் கெட்டவன் அந்நியனாகத்தான் வருவான் என்று எண்ணுவது தவறு. அவன் உறவினனாயிருக்கலாம், ஆசிரியனாயிருக்கலாம், குருவாகவும் இருக்கலாம்.

இங்கேதான் தர்மசங்கடம் பிறக்கிறது. “சொன்னால் என் தம்பி 20 வருஷம் ஜெயிலுக்குப் போவானே, குடும்ப மானம் என்னாவது?” என்று தாய் தயங்குகிறாள். கனத்த தண்டனை குற்றவாளியை அச்சுறுத்துமுன் சாட்சியின் வாயைக் கட்டிவிடுகிறது. சொல்லப்படாத குற்றத்தை எந்தச் சட்டமும் தொடுவதில்லை.

பிறர் நற்பெயரைக் காக்க எட்டாம் கற்பனை நம்மைக் கடமைப்படுத்துகிறது. ஆனால் ஒருவன் பெயரைக் காக்க மாசற்ற பிள்ளையைப் பலியிடும்படி எந்தக் கற்பனையும் கேட்பதில்லை. அறியவேண்டியவரிடம் உண்மையைச் சொல்வது புறணியல்ல. பெரியவர்களுக்குக் கீழ்ப்படிவதும் பாவத்துக்குக் கீழ்ப்படிவதல்ல. வெட்கம் குற்றவாளிக்கே உரியது, பிள்ளைக்கல்ல.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று 2018இல் ஞானோபதேச நூலைத் திருத்தினார். அவரே 2019இல், இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவிகளும் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் செய்தார். தூக்குமரத்தை நம்பாதே, குற்றத்தை மூடியும் வைக்காதே என்பதே இரண்டின் பொருள்.

நாட்டின் சட்டமும் நம் மௌனத்தைப் பொறுப்பதில்லை. அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே எடுக்கலாம். அதிகாரி உடுப்பணியாமல் வரவேண்டும். பத்திரிகைகள் பிள்ளையின் பெயரை வெளியிடக்கூடாது. 1098 என்ற எண்ணுக்குச் செலவின்றிப் பேசலாம்.

பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையை அருகில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “யார் உன்னிடம் தகாதபடி நடந்தாலும் எங்களிடம் சொல். உன்னை நம்புவோம், அடிக்கமாட்டோம்.” பிள்ளை சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். சட்டத்தின் கடுமை பயன்படுவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் பங்குச் சுவாமியார்